சத்சங்கம்: பற்றா, கூட்டமா?

வேங்கிக்காலில் உள்ள திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் மனுவோடு கூடுகிறார்கள். அதற்கு மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் என்று பெயர். நகரின் மறுபக்கம், செங்கம் சாலையில், வெளிநாட்டார் வந்து தங்கும் குளிர்மாதங்களில் தேநீர்க்கடைச் சுவர்களிலும் விடுதி வாசல்களிலும் இன்னொரு கூட்டத்துக்கான அறிவிப்புகளைப் பார்க்கலாம். ஆசிரியர் பெயர், இடம், காலை எத்தனை மணி என்ற விவரங்களோடு அவற்றின் தலைப்பில் இருக்கும் சொல் சத்சங்கம்.

திருவண்ணாமலையில் இந்தச் சொல் இன்று ஆசிரமம், கிரிவலம் போல அன்றாடச் சொல்லாகிவிட்டது. 'சத்' என்றால் உண்மை, 'சங்கம்' என்றால் கூட்டம், ஆகவே உண்மையை நாடுவோரின் கூட்டம் என்று பலரும் பொருள் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பொருள் சொல்லின் பிற்காலத்துக்குப் பொருந்துமே தவிர பிறப்புக்குப் பொருந்தாது. பிறப்பில் சத்சங்கம் ஒரு கூட்டத்தின் பெயர் அன்று. அது ஓர் உறவின் பெயர். உறவைக் குறித்த சொல் எப்படி நிகழ்ச்சியைக் குறிக்க வந்தது, தமிழ் அதே கருத்தை எந்தச் சொற்களால் சொன்னது, அண்ணாமலையில் இரண்டும் எங்கே சந்தித்தன என்பவையே இக்கட்டுரை ஆராயும் கேள்விகள்.

எழுத்து ஒன்று, வேர் பல

குழப்பத்தின் தொடக்கம் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. 'சங்கம்' என்று நாம் எழுதும் ஒரே வடிவத்துக்குள் வடமொழியின் வெவ்வேறு சொற்கள் வந்து அடைந்திருக்கின்றன.

முதலாவது, திரண்ட குழு என்னும் பொருள்கொண்ட சொல். பௌத்தரின் மும்மணிகளான புத்தம், தம்மம், சங்கம் என்பவற்றில் மூன்றாவது இதுவே. சமணத் துறவியர் குழுவுக்கும் இதுவே பெயர். வச்சிரநந்தி என்னும் சமண ஆசாரியர் 5ஆம் நூற்றாண்டில் மதுரையில் திராவிட சங்கம் நிறுவினார் என்று தேவசேனரின் தரிசனசாரம் கூறுகிறது. தமிழ்ச் சங்கம், தொழிற்சங்கம், மாதர் சங்கம் என்று நாம் வழங்குவதெல்லாம் இந்தக் கிளையைச் சேர்ந்தது. இரண்டாவது, சென்று சேர்தல் என்னும் பொருளில் பிறந்த சங்கமம். ஆறுகள் கூடுமிடத்துக்கு அதையே சொல்கிறோம். மூன்றாவது சங்கு. 'சங்கம் முழங்கியது' என்றால் அங்கே கூட்டமும் இல்லை, உறவும் இல்லை.

சத்சங்கத்தில் இருப்பது இவற்றில் எதுவும் இல்லை. அது ஒட்டிக்கொள்ளுதல், பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருள்தரும் வினையடியில் பிறந்த வேறொரு சொல். வடமொழியில் எழுதும்போது குழுவைக் குறிக்கும் சொல்லின் 'க' மூச்சோடு அழுத்தி ஒலிக்கும். பற்றைக் குறிக்கும் சொல்லின் 'க' மென்மையாக ஒலிக்கும். தமிழில் இந்த வேறுபாட்டைக் காட்ட எழுத்து இல்லை. ஆகவே சங்கம் என்று படித்ததும் நமக்குக் கூட்டமே நினைவுக்கு வருகிறது.

சைவத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. குரு, லிங்க, சங்கம வழிபாடு என்று சித்தாந்தம் சொல்லும்போது அங்கே உள்ள சங்கமம் 'ஜங்கமம்' என்பதன் தமிழ் வடிவம். ஜங்கமம் என்றால் நடமாடுவது. கோயிலில் நிலைத்திருக்கும் லிங்கத்துக்கு எதிரில் நடமாடும் திருவுருவமாகிய அடியாரை அது குறித்தது. தமிழில் எழுதியதும் அதுவும் கூடுதல் என்னும் பொருளின் சாயலை ஏற்றுக்கொண்டது. நடமாடும் அடியார், அடியார் கூட்டம் என்ற இரண்டு பொருளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

'சத்' என்னும் முதற்பகுதிக்கும் ஒரு பொருள் மட்டும் இல்லை. இருப்பது, உண்மையானது, நல்லது, நல்லவர் என்று அது விரியும். ஆகவே சத்சங்கம் என்பதை நல்லவரிடம் பற்று என்றும் கொள்ளலாம், உள்ளபொருளிடம் பற்று என்றும் கொள்ளலாம். பழைய தமிழ் நடையில் இதைச் சற்சங்கம் என்று எழுதினார்கள். சற்குரு, சற்சனர் என்பவற்றில் நேர்ந்த புணர்ச்சிதான் இங்கும்.

நூல்களில் சங்கம்

பற்று என்ற பொருளில் 'சங்கம்' பெரும்பாலும் கெட்ட பெயர் எடுத்த சொல். பகவத் கீதையின் 2ஆம் அத்தியாயம் மனிதனின் வீழ்ச்சியைப் படிப்படியாகச் சொல்லும் இடத்தில் புலன்பொருள்களை நினைப்பதிலிருந்து முதலில் பிறப்பது சங்கம்தான். அதிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து சினம் என்று வரிசை நீள்கிறது. 15ஆம் அத்தியாயம் சம்சார மரத்தை வெட்டும் ஆயுதம் என்று சொல்வது இதன் மறுதலையான அசங்கத்தை.

விடவேண்டிய ஒன்றின் பெயருக்கு முன்னே 'சத்' என்பதை வைத்து அதையே வழியாக்கியதில்தான் இந்தச் சொல்லின் கூர்மை இருக்கிறது. சங்கரர் பெயரில் வழங்கும் பஜகோவிந்தம் இதை ஏணிபோல் அடுக்குகிறது: சத்சங்கத்தால் சங்கமின்மை, அதனால் மயக்கமின்மை, அதனால் நிலைபேறு, முடிவில் விடுதலை. முதற்படியிலேயே ஒரு பற்று மற்றப் பற்றுகளைக் கழற்றுகிறது. சத்சங்கத்தைக் கூட்டம் என்று கொண்டால் இந்த வரிசை பொருளிழந்துவிடும். கூட்டத்தில் சேர்ந்து கூட்டமின்மையை அடைவது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

யோகவாசிட்டம் முத்தி வீட்டுக்கு நான்கு வாயிற்காவலர் உண்டென்று சொல்லி, அடக்கம், விசாரம், நிறைவு ஆகியவற்றோடு நான்காவதாகச் சாதுசங்கத்தை வைக்கிறது. நாரதர் பெயரில் உள்ள பக்தி சூத்திரம் பெரியோர் தொடர்பு கிடைப்பதற்கு அரியது, கிடைத்தால் வீண்போகாதது என்கிறது. பாகவதத்தின் 11ஆம் ஸ்கந்தத்தில் கண்ணன் உத்தவரிடம் யோகமோ தவமோ வேதம் ஓதுதலோ தன்னை வசப்படுத்துவதில்லை, சத்சங்கமே வசப்படுத்தும் என்று கூறி அதனால் உய்ந்தவர்களின் பட்டியல் ஒன்றையும் தருகிறான். பிரகலாதன், வீடணன், அனுமன், சடாயு, கஜேந்திரன், ஆயர்பாடிப் பெண்கள் என்று அது நீள்கிறது. இவர்களில் யானையும் பறவையும் உண்டு. எவரும் பிரசங்க மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு வாய்த்தது தொடர்பு.

தமிழ் வைத்திருந்த சொற்கள்

இந்தக் கருத்துக்குத் தமிழ் வடமொழியை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரமும் சிற்றினம் சேராமை என்று அடுத்த அதிகாரமும் வைத்தார். நிலத்தின் இயல்பால் நீர் மாறுவதைச் சொல்லி, சேர்ந்த இனத்தால் அறிவு மாறும் என்று விளக்கியது இரண்டாவது அதிகாரத்தில். நாலடியாரிலும் நல்லினம் சேர்தல் என்று தனி அதிகாரம் உண்டு. தலைப்புகளில் உள்ள வினைகளைப் பாருங்கள்: துணையாகக் கொள்ளுதல், சேர்தல். கூட்டுதலோ நடத்துதலோ அங்கே இல்லை.

பஜகோவிந்தம் காட்டிய முரணையும் வள்ளுவர் தம் வழியில் சொல்லியிருக்கிறார். துறவு அதிகாரத்தின் கடைசிக் குறள் பற்றுகளை விடுவதற்காகப் பற்றற்றவனைப் பற்றச் சொல்கிறது. மெய்யுணர்தல் அதிகாரத்தில் 359ஆம் குறள் சார்பு என்ற ஒரே சொல்லை அடைக்கலம், தளை ஆகிய இரு பொருளிலும் ஆள்கிறது. சங்கம் என்பதற்கு நேர்ச்சொல் தேடினால் பற்று, சார்பு ஆகிய இவ்விரண்டும்தான் கிடைக்கும்.

ஔவையின் மூதுரை நல்லவரோடு கொள்ளும் தொடர்பை நான்காகப் பகுத்தது. அவர்களைக் காண்பது, அவர்கள் சொல்லைக் கேட்பது, அவர்கள் குணங்களை எடுத்துரைப்பது, அவர்களோடு இணங்கியிருப்பது. இன்றைய சத்சங்க நிகழ்ச்சி பெரும்பாலும் முதல் மூன்றில் முடிந்துவிடுகிறது. பழைய சற்சங்கம் நான்காவதில்தான் தொடங்குகிறது.

கூட்டத்துக்கும் தமிழில் தனிச் சொற்கள் இருந்தன, அவற்றுக்குத் தனி மதிப்பும் இருந்தது. பெரியபுராணத்தில் சேக்கிழார் திருக்கூட்டச் சிறப்பு என்று ஒரு பகுதியே பாடினார். திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் கூடியிருக்கும் அடியார்களின் பெருமை அது. அவர்களை வணங்காமல் ஒதுங்கிச் சென்ற சுந்தரரை, 'புறகு' என்று விறன்மிண்டர் விலக்கினார் என்பது வரலாறு. அதன் விளைவாகவே திருத்தொண்டத்தொகை பிறந்தது. தனியடியார் அறுபத்துமூவரோடு தொகையடியார் ஒன்பதின்மரும் அதில் இடம்பெற்றனர். அந்த மண்டபத்தில் பேச்சாளர் யாரும் இல்லை. அடியார்கள் இருந்தார்கள் என்பதே அதன் சிறப்பு.

வைணவத்தில் அடியார் குழாம் என்றும் கோஷ்டி என்றும் வழங்கினார்கள். அருளிச்செயல் ஓதுவோர் வரிசையாக நிற்கும் குழுவுக்கு இன்றும் கோஷ்டி என்றே பெயர். ஆநிரை கட்டும் தொழுவத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது. அதே சொல் அரசியலுக்குப் போய்க் கோஷ்டிப் பூசல் ஆனதையும் பார்த்துவிட்டோம். மன்றம் ஊர்ப்பொதுவிடத்தைக் குறித்துப் பிறகு தில்லைக் கூத்தனின் அம்பலமாயிற்று. இன்று வார வழிபாட்டு மன்றமாகவும் இரசிகர் மன்றமாகவும் இருக்கிறது.

'கூட்டம்' என்ற சொல்லே தமிழில் வெறும் எண்ணிக்கையைக் குறித்ததில்லை. அகப்பொருள் நூல்களில் பாங்கற்கூட்டம் என்றால் தோழன் துணையால் தலைவனும் தலைவியும் கூடுதல். கொங்கு நாட்டில் கூட்டம் என்றால் குலம். உறவு, குலம், திரள் என்ற மூன்றையும் ஒரே சொல் தாங்கிய மொழியில் சத்சங்கமும் உறவிலிருந்து திரளுக்கு நகர்ந்தது வியப்பில்லை.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12ஆம் சூத்திரத்தில் உறவையும் கூட்டத்தையும் இணைக்கிறது. மலம் நீங்கியவன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, அன்பரோடு கலந்து பழகுதலும், அவர் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழுதலும் விடை. ஞானம் வந்தபிறகும் நல்லார் இணக்கம் வேண்டும் என்பது அதன் கருத்து. தொடக்கநிலையினருக்கு மட்டும் உரிய பயிற்சியாக அது இதைக் கொள்ளவில்லை.

உறவு கூட்டமான வழி

சத்சங்கம் நேரமும் இடமும் குறித்த நிகழ்ச்சியானது வட இந்தியப் பக்தி இயக்கங்களின் காலத்தில். குரு நானக்கின் வழியினர் ஒன்றுகூடி நாமம் பாடும் சபையைச் சங்கத் என்றனர்; அதனோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பங்கத் சேர்ந்தது. சாதி பார்த்து விலகி உண்ட சமூகத்தில் சேர்ந்து பாடுவதும் சேர்ந்து உண்பதும் பெரிய மாற்றம். குஜராத்தில் சுவாமிநாராயணரைப் பின்பற்றியவர்கள் தங்களைச் சத்சங்கி என்று அழைத்துக்கொண்டனர். அங்கே சத்சங்கம் ஒரு சமூகத்தின் பெயரானது. 1861இல் ஆக்ராவில் சிவதயாள் சிங் தொடங்கிய ராதாசுவாமி சத்சங்கத்தில் அது ஓர் அமைப்பின் பெயராகவும் ஆயிற்று. பரமஹம்ச யோகானந்தர் 1917இல் நிறுவியது யோகதா சத்சங்க சபை.

இதே காலத்தில் தமிழகத்தில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வள்ளலார் 1865இல் தொடங்கிய அமைப்புக்குச் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்று பெயர். 1872இல் அதைச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று மாற்றினார். 'சத்திய சங்கம்' என்பது கேட்பதற்குச் சத்சங்கம் போலவே இருந்தாலும் இங்கே சங்கம் என்பது குழு. அதன் பணியும் குழுவுக்குரியதே: 1867இல் வடலூரில் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. இருபதாம் நூற்றாண்டில் குன்றக்குடி அடிகளார் தம் இயக்கத்துக்கு அருள்நெறித் திருக்கூட்டம் என்று பெயரிட்டு சேக்கிழாரின் சொல்லை மீட்டார். அவர் தலைமை ஏற்ற குன்றக்குடி மடத்தின் முழுப்பெயரில் திருவண்ணாமலை ஆதீனம் என்பதும் உண்டு.

நிகழ்ச்சியான சத்சங்கம் பரவியதில் ஒரு தமிழருக்கும் பெரும்பங்கு உண்டு. நெல்லைச் சீமையின் பத்தமடையில் 1887இல் பிறந்த சுவாமி சிவானந்தர் ரிஷிகேசத்தில் குடியேறி 1936இல் தெய்வநெறிக் கழகத்தை நிறுவினார். அவர் ஆசிரமத்தில் இரவுதோறும் பாட்டும் படிப்பும் பேச்சுமாக நடந்தது சத்சங்கம் எனப்பட்டது. கிளைகள் அதை வாரக்கூட்டமாக நாடெங்கும் எடுத்துச்சென்றன. அதற்குமுன் நம் ஊர்களில் அதே வேலையைச் செய்தவை பஜனை மடமும் காலட்சேபமும் உபந்நியாசமும்.

மற்ற சமயங்களின் சொற்களோடு ஒப்பிட்டால் சத்சங்கத்தின் தனித்தன்மை தெளிவாகும். தமிழ்க் கிறிஸ்தவர் சபை, திருச்சபை என்று பெயர்த்த கிரேக்கச் சொல் அழைக்கப்பட்டோர் அவையைக் குறித்தது. ஜமாஅத், ஜும்ஆ ஆகிய இரண்டும் ஒன்றுகூட்டுதல் என்னும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. அழைப்பு, கூட்டுதல் என்பவை அங்கே வேர்ப்பொருள். மக்கள் திரளாமல் அச்சொற்களுக்குப் பொருள் இல்லை. சத்சங்கத்துக்கோ இருவர் போதும். திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமணர் சொன்னபடி கொண்டால் ஒருவரே போதும்.

அண்ணாமலையில்

1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலைக்கு வந்த வேங்கடராமன், அதாவது பின்னாளைய ரமணர், பல ஆண்டுகள் பெரும்பாலும் மௌனமாக இருந்தார். 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு மணலிலும் சிலேட்டிலும் எழுதிக்காட்டிய விடைகளே பின்னர் 'நான் யார்?' ஆயின. தாயின் சமாதிக்கு அருகே ஆசிரமம் வளர்ந்தபிறகு பழைய ஹாலில் அன்பர்கள் அவர்முன் உட்கார்ந்தார்கள். காலையும் மாலையும் வேதபாராயணம் நடந்தது. கேட்பவர் இருந்தால் விடை வந்தது. இல்லையென்றால் ஹால் அமைதியாக இருந்தது. முனகால வேங்கடராமய்யா 1935 முதல் 1939 வரையிலும், தேவராஜ முதலியார் 1945 முதல் 1947 வரையிலும் எழுதிவைத்த குறிப்புகள் இந்த வாழ்க்கையைக் காட்டுகின்றன. தலைப்பு அறிவித்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை.

அவர் சத்சங்கத்தைப் பற்றி என்ன நினைத்தார் என்பதற்கு உள்ளது நாற்பது அனுபந்தமே சான்று. அதன் முதல் ஐந்து வெண்பாக்களும் இதைப் பற்றியவை. யோகவாசிட்டம், பாகவதம் முதலிய வடமொழி நூல்களில் உள்ள கருத்துகளின் தமிழாக்கங்கள். சாதுக்களின் உறவு கிடைத்துவிட்டால் நியமங்கள் எதற்கு, தென்றல் வீசும்போது விசிறி எதற்கு என்று கேட்பது அவற்றில் ஒன்று. தீர்த்தமும் திருவுருவமும் நாட்பட்டே தூய்மை செய்யும், சாதுக்களோ கண்ட அளவிலேயே செய்வர் என்பது இன்னொன்று.

முதல் வெண்பா, முன்னர்க் கண்ட பஜகோவிந்த ஏணி. அதைத் தமிழாக்கும்போது ரமணர் சத்சங்கம் என்று எழுதவில்லை, சத்திணக்கம் என்று எழுதினார். விலகவேண்டிய சங்கத்துக்குச் சார்பு என்றார். ஔவையின் இணக்கமும் வள்ளுவரின் சார்பும் ஒரே வெண்பாவில் சேர்ந்துகொண்டன. சங்கம் என்று வைத்திருந்தால் தமிழ்ப் படிப்பாளி கூட்டம் என்று மயங்க இடமிருந்தது. இணக்கம் என்றதும் அந்த மயக்கத்துக்கு இடமில்லை. சத்சங்கம் என்ற சொல்லுக்குத் தமிழில் எழுதப்பட்ட மிகச் சரியான உரை இந்த ஒரு சொல் என்பது என் துணிபு.

உரையாடல்களில் அவர் இன்னும் ஒரு படி சென்றார். சத் என்பது ஆன்மாவே, அதனோடு இருப்பதே சத்சங்கம். அது இயலாதவர் அதை உணர்ந்த பெரியோரோடு இருக்கலாம் என்பது அவர் விளக்கம். 'சத்' என்பதன் இரு பொருளில் உள்ளபொருள் முதலிடமும் நல்லவர் இரண்டாமிடமும் பெற்றன.

1950 ஏப்ரல் 14ஆம் நாள் ரமணர் மறைந்தார். அவருக்கு வாரிசாகக் குரு எவரும் அமர்த்தப்படவில்லை. ஆசிரமத்தில் பாராயணமும் பூசையும் தியானமும் தொடர்கின்றன. சத்சங்கம் என்ற சொல் மேற்கே புறப்பட்டது வேறு வழியில். 1944இல் ரமணரைச் சந்தித்த பூஞ்ஜா பின்னர் இலக்னோவில் இருந்தபோது, 1990களில் வெளிநாட்டார் திரளாக அவரிடம் வந்தனர். அவர் நடுவில் உட்கார, ஒவ்வொருவராகக் கேள்வி கேட்க, விடையும் சிரிப்பும் மௌனமுமாகச் செல்லும் அந்த அமர்வுக்குச் சத்சங்கம் என்று பெயர். 1997இல் அவர் மறைந்தபின் அவரிடம் பழகியவர்களும் அவர்களுடைய மாணவர்களும் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் அந்த முறையைக் கொண்டுசென்றனர். ஓர் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து பேசும் வினாவிடை அமர்வு என்பதே அங்கே அச்சொல்லின் முழுப்பொருளானது. அந்தப் பொருளோடு அது குளிர்காலப் பயணிகளின் பையில் ஏறி அண்ணாமலைக்குத் திரும்பிவந்தது. செங்கம் சாலை அறிவிப்புகளில் நாம் பார்ப்பது இந்தத் திரும்பிவந்த சொல்லை.

முடிபு

சான்றுகளைத் தொகுத்தால் சத்சங்கம் மூன்று நிலைகளைக் கடந்திருக்கிறது. முதலில் அது நல்லவரோடு அல்லது உள்ளபொருளோடு கொண்ட பற்று. பிறகு அந்தப் பற்றுடையோரின் சமூகம். கடைசியில் நேரம் குறித்த நிகழ்ச்சி. எந்த நிலையில் ஆளப்படுகிறது என்பதை உடன்வரும் வினையே காட்டிக்கொடுக்கும். முதல் நிலையில் சத்சங்கம் வாய்க்கும், கிடைக்கும். இரண்டாம் நிலையில் அதில் சேர்வார்கள். மூன்றாம் நிலையில் அதை நடத்துவார்கள்.

மூன்றாம் நிலையைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. சொற்கள் நகர்வது இயல்பு. சேர்ந்து பாடவும் கேட்கவும் மக்களுக்கு ஓர் இடம் வேண்டும், அதற்கு ஒரு பெயரும் வேண்டும். சங்கத்தும் பங்கத்தும் செய்த சமூக வேலையைத் தனிமனிதப் பற்று மட்டும் செய்திருக்காது. ஆனால் நிகழ்ச்சியின் பெயராக மட்டும் நின்றுவிட்டால் இந்தச் சொல் இழப்பது அதிகம். பற்றைப் பற்றால் அறுப்பது என்ற நுட்பம் போய்விடும். கலந்துகொண்டாலே போதும் என்ற எண்ணம் அந்த இடத்தில் வந்து உட்காரும். நூல்கள் எல்லாம் புகழ்ந்த அந்தப் பழைய சத்சங்கத்தின் பெருமையை, எழுதி ஒட்டிய எந்த நிகழ்ச்சியும் தனக்கென்று எடுத்துக்கொள்ளவும் வழி ஏற்படும்.

எழுதுவோருக்கும் அறிவிப்புப் பலகை வைப்போருக்கும் ஒரு வேண்டுகோள். சொற்பொழிவைச் சொற்பொழிவு என்றும் வினாவிடை அமர்வை அப்படியே என்றும் பஜனையைப் பஜனை என்றும் எழுதுங்கள். அடியார் கூடினால் திருக்கூட்டம் என்ற நல்ல சொல் இருக்கிறது. உறவைச் சொல்ல வரும்போது சத்திணக்கம் என்று எழுதுங்கள். அண்ணாமலை அடிவாரத்தில் இருந்தவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த தமிழ்ச்சொல் அது. புழக்கத்துக்கு வர நாம் எழுதத் தொடங்கினாலே போதும்.